சந்தேகத்தின் பலன் கிணற்றுக்கு

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் பத்தில் சுற்றாடல் சட்டம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' என்று கரும்பலகையில் எழுதி, "ஒரு தொழிற்சாலையால் பாரிய பாதிப்பு வரலாம் என்று நியாயமான சந்தேகம் இருந்தால், விஞ்ஞானிகள் நூறு வீதம் நிரூபிக்கும் வரைக்கும் அரசாங்கம் காத்திருக்கத் தேவையில்லை" என்றேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், குற்றத்த நிரூபிக்கும் வரைக்கும் ஒராள் நிரபராதி என்டு போன பாடத்தில சொன்னீங்க. அப்ப கொம்பனிக்கு மட்டும் ஏன் அப்படியில்ல? இது அநியாயமில்லையா?"

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உண்மையில் என்னிடம் அப்போது சரியான பதில் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப்போனதுதான் இந்தப் பதிவு.

எங்கள் ஊரின் பெயரே தண்ணீரூற்று. ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலும் அந்த ஊற்றின் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. யுத்தம் முடிந்து பெரியவர்கள் திரும்பி வந்தபோது, பற்றை மூடிக் கிடந்த கிணறுகளைத்தான் முதலில் தேடினார்கள். கிணறு கிடைத்ததும் யாரும் வாளியை விட்டு அள்ளிக் குடிக்கவில்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் முதலில் இறைத்தார்கள். அடியில் கிடந்த சேற்றையும் தகரத்தையும் வெளியே எடுத்தார்கள். திரும்பவும் ஊறவிட்டு, மீண்டும் இறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்கள். "இந்தத் தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று நிரூபி" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பல வருடமாக ஆள் இல்லாத ஊரில், என்ன நடந்தது என்று தெரியாத இடத்தில், தெரியாமை ஒன்றே இறைப்பதற்குப் போதுமான காரணமாக இருந்தது.

சட்டப் புத்தகம் பெரிய பெயர் வைத்துச் சொல்வதும் இதைத்தான்.

இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு தண்ணீர்ப் பம்பியில் இருந்துதான் தொடங்குவார்கள். 1854ஆம் ஆண்டு லண்டன் சோஹோ பகுதியில் கொலரா. பத்து நாட்களுக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் கொலரா வருகிறது என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் வீடுவீடாகப் போய், இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலோர் புரோட் வீதிப் பம்பியில்தான் எடுத்திருந்தார்கள். அந்தக் கணக்கைக் கொண்டுபோய் உள்ளூர்ச் சபையிடம் காட்டினார். செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. நோய் ஏற்கனவே குறையத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே மறைக்காமல் எழுதினார். ஆனால் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கொலராக் கிருமியை ரொபர்ட் கொக் அடையாளம் கண்டது 1883-84இல். முழு நிரூபணத்துக்காகக் காத்திருந்தால் அந்தக் கைபிடி இன்னும் முப்பது வருடம் அங்கேயே இருந்திருக்கும்.

எங்கள் வரலாற்றிலும் இப்படி ஒரு சம்பவம் இருக்கிறது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஸஹாபாக்களிடம் ஆலோசனை கேட்டார்கள். சிலர் போவோம் என்றார்கள், சிலர் திரும்புவோம் என்றார்கள். உமர் (ரழி) அவர்கள் திரும்புவதென்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்க, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரிலிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். இந்தச் சம்பவத்தைப் பயான்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். முடிவு முதலில் வந்தது, ஆதாரம் பிறகு வந்தது என்ற ஒழுங்கை நான் இப்போதுதான் கவனித்தேன்.

சட்டத்துக்குள் இந்தச் சிந்தனை மிகவும் பிந்தித்தான் வந்தது. 1970களில் ஜேர்மனியில் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்களோடு வளர்ந்தது. 1987இல் வடகடலைச் சுற்றியுள்ள நாடுகள் லண்டனில் கூடி அதை ஏற்றுக்கொண்டன. 1992இல் ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் 15ஆம் கோட்பாடாக உலகத்துக்கே பொதுவானது. அதன் சாரம் இதுதான்: பாரதூரமான, அல்லது திருப்பிச் சரிசெய்ய முடியாத பாதிப்பு வரக்கூடிய இடத்தில், முழுமையான விஞ்ஞான நிச்சயம் இல்லை என்பதைச் சாட்டாகக் காட்டி நடவடிக்கையைப் பிற்போடக் கூடாது.

'திருப்பிச் சரிசெய்ய முடியாத' என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கோட்பாடு நாட்டின் சட்டமானது தமிழ்நாட்டுத் தண்ணீர் வழக்கு ஒன்றில். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. 1996 ஓகஸ்ட் 28இல் நீதியரசர் குல்தீப் சிங் தீர்ப்பை எழுதினார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கலந்துகொண்டிருந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லீற்றர் தண்ணீர் தேவைப்படும் என்றும், தோல் ஆலைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேயர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிர்ச்செய்கைக்கு உதவாமல் போய்விட்டது என்றும் தீர்ப்பு பதிவுசெய்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் எண்ணிய 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நீதிமன்றம் மூன்று விடயங்களைச் சொன்னது. பாதிப்பை முன்கூட்டியே ஊகித்துத் தடுப்பது அரசின் கடமை. விஞ்ஞான நிச்சயம் இல்லாமை தாமதத்துக்குக் காரணமாகாது. தன் தொழில் சூழலுக்குத் தீங்கற்றது என்று காட்டும் சுமை தொழில் செய்பவருடையது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரியது. நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வது இலேசு. அங்கே நம்மவர்கள் மற்றப் பக்கத்திலும் நின்றார்கள். அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் இந்தக் கோட்பாடு நன்றாக வேலை செய்த வழக்கு எப்பாவல. அநுராதபுர மாவட்டத்தின் பொஸ்பேற் படிவை ஒரு அமெரிக்கக் கொம்பனியோடு சேர்ந்து பெருமளவில் தோண்ட அரசாங்கம் ஒப்பந்தம் தயாரித்திருந்தது. அந்த ஊரின் விவசாயிகளும் விகாராதிபதியுமாகச் சிலர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்கள். 2000 ஜூன் 2இல் நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க தீர்ப்பளித்தார். படிவு எவ்வளவு என்ற முழுமையான ஆய்வு, அதைப் பொதுமக்கள் முன் வெளியிடல், சட்டப்படியான சுற்றாடல் அனுமதி, இவை முடியும்வரை எந்த ஒப்பந்தமும் செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அரசன் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் அல்ல, காவலன் மட்டுமே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குச் சொன்னதாக வரும் போதனையையும் தீர்ப்பு நினைவுகூர்ந்தது. நிலம் அமானிதம் என்று நாம் சொல்வதும் அதைத்தான். மண்வெட்டி விழுவதற்கு முன்பே கேள்வி கேட்கப்பட்டதால் எப்பாவல தப்பியது.

சுன்னாகம் தப்பவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடலின் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அந்தக் கல் இறுகிய பாறை அல்ல. அதில் வெடிப்பும் பொந்தும் குகையும் நிறைய உண்டு. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் எழும்பும். எந்தப் பக்கம் போகும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. குடாநாட்டின் நிலத்தடி நீர்ப் படுக்கைகளில் பெரியது வலிகாமத்தின் கீழ் உள்ளது. சுன்னாகம் மின்நிலையம் நிற்பது அதன் மேலேதான்.

அந்த வளவில் மின்சார சபையின் பழைய மின்நிலையம் இருந்தது. யுத்த காலத்தில் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு, ஒயில் வழிந்து குளமாகத் தேங்கியது. யுத்தம் முடிந்த காலத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் கொம்பனி அங்கே அனல் மின்நிலையம் அமைத்து, மின்சார சபைக்கு மின் விற்றது. சில வருடங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஒயில் மணக்கிறது, தண்ணீரில் படலம் மிதக்கிறது என்று சனம் முறையிடத் தொடங்கியது.

இனி நடந்ததுதான் பாடம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறுகளைச் சோதித்து, பலவற்றில் ஒயிலும் கிறீசும் அளவுக்கு மேல் உண்டு என்றது. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லை என்றது. ஒயில் இருந்தாலும் அது பழைய குளத்து ஒயிலா, புதிய நிலையத்து ஒயிலா என்ற சண்டை வேறு. சபைகளும் குழுக்களும் வாதாடிய அந்தக் காலமெல்லாம் ஒரு தாய் தினமும் காலையில் முடிவெடுக்க வேண்டியிருந்தது: இந்தத் தண்ணீரில் பிள்ளைக்குப் பால்மாக் கரைப்பதா, வேண்டாமா? பவுசர் வரும்வரை வாளிகளோடு வீதியோரத்தில் நின்றவர்கள் அவர்கள்தான். நிச்சயம் இல்லாத காலத்தின் பாரம் முழுவதும் கிணற்றுக்காரர் தலையில் இறங்கியது.

2015இல் சனம் வீதிக்கு இறங்கியது. மல்லாகம் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது, நிலையத்தின் வேலை நின்றது. உயர் நீதிமன்றத்துக்கு ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற தெற்கின் சூழலியலாளர் அடிப்படை உரிமை மனுவோடு போனார். வடக்கின் கிணற்றுக்காக வழக்காடியவர் ஒரு சிங்களவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 4இல் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன தீர்ப்பளித்தார். கண்காணிக்க வேண்டிய மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் கடமையில் தவறியதால் சனத்தின் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்றும், மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. கொம்பனி 2 கோடி ரூபா கட்ட வேண்டும். நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு, கிணறு துப்புரவாக்க, ஆளுக்கு அதிகபட்சம் 40,000 ரூபா.

நல்ல தீர்ப்பு. முன்னோடித் தீர்ப்பு என்று சட்டத்தரணிகள் சொல்வது சரிதான். ஆனால் 40,000 ரூபாவுக்கு ஒரு கிணற்றைத்தான் இறைக்கலாம். கீழே உள்ள கல்லை இறைக்க முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருந்தது. 1988இல் அதற்கு வந்த திருத்தத்தில் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் உரிமமும் இருந்தன. எப்பாவலத் தீர்ப்பும் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலனை ஏன் எதிரிக்குக் கொடுக்கிறோம்? நிரபராதி ஒருவரைத் தூக்கில் போட்டால் உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இருபது வருடம் மறியலில் வைத்தால் அந்த இருபது வருடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. திருத்த முடியாத பிழை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குச் சந்தேகத்தின் பலன் போகிறது. சுன்னாகத்தில் திருத்த முடியாத பிழை எந்தப் பக்கம்? மின்நிலையத்தை ஆறு மாதம் பிந்தித் திறந்தால் நட்டம் வரும், அதைக் கணக்குப் பார்த்து ஈடுசெய்யலாம். சுண்ணாம்புக் கல்லுக்குள் போன ஒயிலைக் கூப்பிட்டு எடுக்க முடியாது. ஆகவே இங்கே சந்தேகத்தின் பலன் கிணற்றுக்கு. இரண்டு பாடமும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை மகன். ஒரே நியாயம் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை அந்தக் கேள்வியை இந்த ஊரில் இருந்து கேட்டிருக்கிறது. அதனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் தண்ணீரூற்று, முள்ளியவளைச் சனமும் அதில் அடக்கம். அதற்குச் சொல்லப்பட்ட நியாயமும் பாதுகாப்பும் சந்தேகமும்தான். யாரும் நிரூபிக்கவில்லை, யாரும் விசாரிக்கவில்லை. ஆகவே "சந்தேகமே போதும்" என்ற பேச்சு எங்கள் காதில் இலேசாக விழாது. சந்தேகத்தின் பேரில் மனிதனைத் தண்டிப்பது வேறு. சந்தேகத்தின் பேரில் ஒரு திட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அதைக் கொண்டுவருபவரிடம் பதில் கேட்பது வேறு. கோட்பாடு சொல்வது இரண்டாவதை மட்டும். அந்த நிறுத்தமும் ஆய்வு முடியும்வரைதான். பாதிக்கப்படும் எல்லோரையும் கேட்டுத்தான். சுற்றாடல் முடிவுகளில் சனத்தின் பங்கு வேண்டும் என்று ரியோவின் 10ஆம் கோட்பாடு சொல்கிறது. 15ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 10ஐ விட்டுவிட்டால் அநியாயம்தான் மிஞ்சும்.

வில்பத்துவுக்கு வடக்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் அதைப் பார்த்தோம். இடம்பெயர்ந்த இருபது வருடத்தில் சனத்தின் காணிகள் காடாகின. 2012இல் அந்தப் பகுதி வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடானது. அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை. மறுபக்கம், மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டபோதும் சட்டம் கேட்கும் ஒழுங்குகள் பின்பற்றப்படவில்லை. 2020 நவம்பர் 16இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காடழிப்பைச் சட்டவிரோதம் என்றது. அதற்குச் சமமான பரப்பில் தன் செலவில் மரம் நட வேண்டும் என்று முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீனுக்குக் கட்டளையிட்டது. அந்தப் பிரச்சினையைச் சுற்றி நடந்த இனவாதப் பிரசாரத்தை நான் மறக்கவில்லை. ஆனால் நமக்குக் கிணறு வேண்டும்போது கோட்பாட்டைத் தூக்கிப்பிடித்து, நமக்குக் காணி வேண்டும்போது கீழே போட முடியாது. காணி கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. அதே அளவு, முன்கூட்டிக் கேட்கப்பட வேண்டிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு.

கடைசியாக எங்கள் ஊர் விடயம். யாழ்ப்பாணத்தின் அந்தச் சுண்ணாம்புக் கல் குடாநாட்டோடு முடியவில்லை. மேற்கே புத்தளம் வரைக்கும், கிழக்கே முல்லைத்தீவு வரைக்கும் கரையோரமாக வருகிறது. நாங்கள் விரட்டப்பட்ட ஊரும், அகதியாக வளர்ந்த ஊரும் ஒரே கல்லின் இரண்டு நுனிகள். மன்னார் தீவில் இல்மனைட் மணலுக்காக ஓர் அவுஸ்திரேலியக் கொம்பனி துளையிட்டு ஆய்வு செய்தது. எங்கள் தண்ணீர் என்னாகும் என்று அங்கே சனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் கொக்கிளாய்ப் பக்கமும் கனிய மணல் பற்றிய பேச்சு அடிக்கடி எழும்புகிறது. வேலைவாய்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். தீமையைத் தடுப்பது நன்மையை ஈட்டுவதற்கு முந்தியது என்பது ஃபிக்ஹ் படித்தவர்களுக்குத் தெரிந்த விதி. கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டக் கூடாத எல்லைக்கு 'ஹரீம்' என்று பெயர். ஹனஃபி மத்ஹபில் அதற்கு நாற்பது முழம் என்று அளவே உண்டு. எங்கள் ஷாபிஈ மத்ஹபில் தேவையைப் பொறுத்தது. கிணற்றுக்கு உரிமை உண்டு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த சமூகம் நாம்.

பிள்ளைகளோடு ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை தங்கள் வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுத வேண்டும். நிறம், மணம், சுவை, உப்புக் கூடியதா குறைந்ததா என்றும் எழுத வேண்டும். நாளைக்கு யாராவது வந்து "உங்கள் தண்ணீர் முன்பும் இப்படித்தான் இருந்தது" என்று சொன்னால், இல்லை என்று காட்ட ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டுமே. கேள்வி கேட்ட பிள்ளைதான் முதல் ஆளாகக் கொப்பி கொண்டுவந்தது. முதல் வரி: "தண்ணீர் 11 அடியில். மணம் இல்லை. நல்ல தண்ணி."

உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு வரி போதும். அல்லாஹ் எங்கள் ஊற்றுகளைப் பாதுகாப்பானாக. வல்லாஹு அஃலம்.